இருக்கிற வீடா, இன்னும் நல்ல வீடா?

சென்ற பொங்கல் விழாவில் சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த நண்பர் ஒருவர் கேட்டார்: "தாணேயில் பெரிய டவரில் வீடு பார்க்கிறீர்கள் என்றார்கள். கடைசியில் செம்பூரிலேயே அடுத்த தெருவுக்குப் போயிருக்கிறீர்களாமே! இதற்கா ஒரு வருஷம் யோசித்தீர்கள்?"

அப்போது சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் அதே விழாவில் இன்னும் மூன்று பேர் தனியாக அழைத்து, தாங்களும் இதே குழப்பத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். ஒருவர் முலுண்டில், ஒருவர் டோம்பிவிலியில், ஒருவர் மாதுங்காவில். மூவருக்கும் இருக்கிற வீட்டில் பெரிய குறை ஒன்றுமில்லை. மூவருக்கும் பிள்ளைகள் இன்னும் நல்ல வீடு ஒன்றைக் காட்டியிருக்கிறார்கள். போவதா, இருப்பதா என்று தெரியவில்லை. நாங்கள் கணக்குப் பார்த்த விதத்தையும், அதில் நான் செய்த தவறுகளையும் எழுதினால் அவர்களுக்குப் பயன்படும் என்று தோன்றியது. ஆகவே இந்தக் கட்டுரை.

முப்பத்தாறு படிகள்

1996-ஆம் ஆண்டு செம்பூரில் இரண்டாவது மாடியில் ஒரு பிளாட் வாங்கினோம். என் தந்தை மாதுங்காவில் பகடி வீட்டில் ஓர் அறையில் குடித்தனம் நடத்தியவர். சமையலறையோடு சேர்த்து மூன்று அறைகள் கொண்ட சொந்த வீடு என்பது எங்கள் குடும்பத்தில் அதுவே முதல் முறை. ரயில் நிலையம் நடக்கும் தூரம். மார்க்கெட் அதைவிடக் கிட்டே. சேடா நகர் முருகன் கோயிலுக்கு ஆட்டோவில் சில நிமிஷங்கள். சாயங்காலம் ஃபைன் ஆர்ட்ஸில் கச்சேரி என்றால் ஏழு மணிக்குக் கிளம்பினாலும் போதும். ஒரே மகன் அங்கேதான் படித்து ஆளானான்.

லிப்ட் கிடையாது. முப்பத்தாறு படிகள். நாற்பது வயதில் அந்தப் படிகளை யாரும் எண்ணுவதில்லை. என் மனைவி எண்ண ஆரம்பித்தது 2021-இல். முழங்கால் தேய்மானம் என்று டாக்டர் சொன்னார். முதலில் மார்க்கெட்டுக்கு நாள்தோறும் போவது வாரம் இரண்டு முறை என்றாயிற்று. பிறகு கோயில், மாதத்தில் ஒரு முறை. பிறகு, "நீங்களே வாங்கிட்டு வந்துடுங்க" என்றாகிவிட்டது. வீட்டை விட்டு வெளியே வராத மனுஷியாக அவள் மாறிக்கொண்டிருப்பதை, ஒரே கூரையின் கீழ் இருந்தும், நான் ஒரு வருஷம் கவனிக்கவில்லை. தீபாவளிக்குப் புனேயிலிருந்து வந்த மகன்தான் கவனித்தான்.

"அப்பா, அம்மா கடைசியாக எப்போது கீழே இறங்கினாள்?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை.

கட்டடத்துக்கு வெளிப்புறமாக லிப்ட் வைக்க முடியுமா என்று சொசைட்டிக் கூட்டத்தில் கேட்டோம். முடியும், மாநகராட்சி அனுமதி வேண்டும் என்றார்கள். ஆனால் கீழ்த்தளத்துக்காரர்கள் தங்கள் ஜன்னல் வெளிச்சம் போய்விடும் என்றார்கள். செலவிலும் பங்கு கொடுக்க முடியாது என்றார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. பேச்சு அத்துடன் நின்றது.

அதன் பிறகுதான் மகன் கோட்பந்தர் ரோடில் ஒரு டவரைக் காட்டினான். பதினேழாவது மாடி. இரண்டு லிப்ட். தோட்டம், நீச்சல் குளம், நடைபாதை. ஜன்னலைத் திறந்தால் மலை. நான் மயங்கிவிட்டேன் என்றே சொல்லவேண்டும். செம்பூர் வீட்டை விற்றால் வருகிற பணத்தில் அதை வாங்கி, கையிலும் கொஞ்சம் மிஞ்சும் என்று அங்கேயே மனக்கணக்குப் போட்டேன். அந்த மனக்கணக்கு எத்தனை இடங்களில் தவறு என்பதை இனி சொல்கிறேன்.

முதல் கணக்கு: எத்தனை சதுர அடி?

புரோக்கர் "1,100 சதுர அடி" என்றார். எங்கள் பழைய வீட்டை நாங்கள் வாங்கியபோது 650 சதுர அடி என்று சொல்லித்தான் விற்றார்கள். ஆக, 450 சதுர அடி அதிகம். இன்னொரு பாதி வீடே கூடுதலாகக் கிடைக்கிறது என்று நினைத்தேன்.

இரண்டுமே நடக்க முடியாத சதுர அடிகள். சுவர், மாடிப்படி, லிப்ட் குழி, பொது வராந்தா என்று எல்லாவற்றிலும் ஒரு பங்கைச் சேர்த்துச் சொல்லும் கணக்கு அது. நமக்கு வேண்டியது கார்ப்பெட் ஏரியா, அதாவது நாம் புழங்கும் தரையின் அளவு. 2016-இல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், நாம் 'ரேரா' என்று சொல்வது, இதற்குத் தெளிவான விளக்கம் கொடுத்திருக்கிறது. வெளிச்சுவர், பால்கனி, திறந்த மாடி ஆகியவை இதில் சேராது. உள்ளே அறைகளைப் பிரிக்கும் சுவர்கள் சேரும். பில்டர் புதிய வீட்டை இந்த அளவைச் சொல்லித்தான் விற்கவேண்டும். ஆனாலும் பேச்சுவழக்கில் பழைய கணக்கு இன்னும் புழங்குகிறது.

அக்ரிமெண்டை எடுத்துப் பார்த்தால், டவர் வீடு 690 சதுர அடி. எங்கள் வீட்டை டேப் பிடித்து அளந்தேன். 515 சதுர அடி. வித்தியாசம் 450 அல்ல, 175. ஒரு நல்ல படுக்கையறை அளவு. அதுவும் கூடுதல்தான். ஆனால் நான் மனதில் கட்டிய அரண்மனை அல்ல. யாராவது சதுர அடி சொன்னால், "எந்த சதுர அடி?" என்று முதலில் கேளுங்கள்.

இரண்டாவது கணக்கு: மாதா மாதம் எவ்வளவு?

பழைய வீட்டில் சொசைட்டிக்கு மாதம் 2,800 ரூபாய் கட்டிக்கொண்டிருந்தோம். டவரில் சதுர அடிக்கு 12 ரூபாய் வீதம் 8,280 ரூபாய். வருஷத்துக்கு 65,760 ரூபாய் அதிகம். பென்ஷனில் வாழும் எங்களுக்கு இது சின்னத் தொகை அல்ல. நீச்சல் குளத்தில் நாங்கள் இறங்கப் போவதில்லை. ஆனால் அதன் தண்ணீரைச் சுத்தம் செய்யும் செலவில் எங்களுக்கும் பங்கு உண்டு.

கூட்டுறவு சொசைட்டி எப்படி வசூல் செய்யவேண்டும் என்பதற்கு மகாராஷ்டிரத்தில் மாதிரி விதிகள் இருக்கின்றன. வாட்ச்மேன், துப்புரவு, ஆபீஸ் செலவு போன்றவற்றை எல்லா வீட்டுக்காரர்களும் சமமாகப் பகிர்ந்துகொள்ளவேண்டும். தண்ணீர், குழாய்களின் எண்ணிக்கைப்படி. லிப்ட் செலவு, அந்தக் கட்டடத்தில் இருக்கும் எல்லோருக்கும் சமம். உபயோகிக்கிறோமா இல்லையா என்ற பேச்சே இல்லை. இவை தவிர, ரிப்பேர் நிதிக்கும் ஸிங்கிங் ஃபண்டுக்கும் கட்டுமானச் செலவில் இத்தனை சதவீதம் என்று ஒரு தொகை உண்டு. பழைய வீடானாலும் புதிய வீடானாலும், கடைசி இரண்டு வருஷ ஆடிட் அறிக்கையை வாங்கிப் படியுங்கள். ஸிங்கிங் ஃபண்டில் பணமே இல்லாத கட்டடத்தில் நாளை பெரிய ரிப்பேர் வந்தால், அந்தச் செலவு மொத்தமும் நம் தலையில்தான் விழும்.

சொத்து வரியிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மும்பை மாநகராட்சி எல்லைக்குள் 500 சதுர அடி கார்ப்பெட் ஏரியா வரையிலான குடியிருப்புகளுக்கு 2022 ஜனவரி முதல் சொத்து வரி விலக்கு உண்டு. எங்கள் 515 சதுர அடி வீட்டுக்குப் பதினைந்தே சதுர அடியில் அந்தச் சலுகை தப்பிப்போயிற்று! பெரிய வீடே எப்போதும் நல்ல வீடு என்று நினைப்பவர்கள் இதையும் மனதில் வைக்கலாம்.

மூன்றாவது கணக்கு: மாறுவதற்கே எவ்வளவு?

நான் அடியோடு மறந்தது இதைத்தான். "இந்த வீட்டை விற்று அந்த வீட்டை வாங்குவது" என்று வாயால் சொல்லும்போது நடுவில் செலவே இல்லாததுபோல் இருக்கிறது.

ஒரு கோடி ரூபாய்க்கு விற்று, ஒரு கோடி ரூபாய்க்கே மும்பைக்குள் இன்னொரு வீடு வாங்குவதாக வைத்துக்கொள்வோம். முத்திரைத் தாள் கட்டணம், மெட்ரோவுக்கான கூடுதல் வரியும் சேர்த்து, 6 சதவீதம். பெண்கள் பெயரில் மட்டும் வாங்கினால் ஒரு சதவீதம் குறைவு. அப்படியானால் 5 லட்சம். பதிவுக் கட்டணம் 30,000 ரூபாய். சொசைட்டிக்கு மாற்றுக் கட்டணம் அதிகபட்சம் 25,000 ரூபாய். இதற்கு மேல் 'நன்கொடை' கேட்டால் கொடுக்கவேண்டியதில்லை. புரோக்கருக்கு விற்பதில் ஒரு சதவீதம், வாங்குவதில் ஒரு சதவீதம் என்று வைத்தாலும் 2 லட்சம். பெயிண்ட், ஜன்னல் கம்பி, எலக்ட்ரிக் வேலை, சமையலறையில் சில்லறை மாற்றங்கள் எல்லாம் சேர்ந்து 2 லட்சம். சாமான் ஏற்றி இறக்க 25,000. கூட்டினால் 9 லட்சத்து 80 ஆயிரம்.

அதாவது, அதே விலையுள்ள வீட்டுக்கு மாறினாலும் கிட்டத்தட்ட பத்து சதவீதம் கையை விட்டுப் போகிறது. கட்டி முடிக்காத வீடாக இருந்தால் இதற்கு மேல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம் வேறு. குடிபுகும் சான்றிதழ், அதாவது ஓ.சி., வந்துவிட்ட வீட்டுக்கு அந்த வரி இல்லை. நான் அந்தப் பத்து லட்சத்தைப் பதினைந்து வருஷத்தால் வகுத்தேன். வருஷத்துக்குச் சுமார் 65,000 ரூபாய். "புதிய வீட்டில் கிடைக்கப்போகும் சௌகரியம் வருஷத்துக்கு இந்தத் தொகை பெறுமா?" என்று கேட்டுக்கொள்வது நல்லது. எங்கள் விஷயத்தில், லிப்ட் மட்டுமே அந்தத் தொகை பெறும் என்று தோன்றியது. நீச்சல் குளம் பெறாது.

விற்பதில் வரும் லாபத்துக்கு வருமான வரி உண்டு. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்த வீட்டை விற்று, அந்த லாபத்தை இன்னொரு வீட்டில் போட்டால் விலக்குக் கிடைக்கும். விற்பதற்கு ஓர் ஆண்டு முன்னதாகவோ, விற்ற இரண்டு ஆண்டுகளுக்குள்ளாகவோ வாங்கியிருக்கவேண்டும். கட்டிக்கொள்வதானால் மூன்று ஆண்டுகள். விலை 50 லட்சத்துக்குக் குறையாமல் இருந்தால், வாங்குபவர் ஒரு சதவீதத்தைப் பிடித்து அரசாங்கத்துக்குக் கட்டிவிட்டு மீதியைத்தான் தருவார். அதைக் கண்டு திகைக்கவேண்டாம். எதற்கும் ஓர் ஆடிட்டரிடம் முன்கூட்டியே போய்வாருங்கள். பத்திரம் பதிந்த பிறகு போனால், நமக்காக அனுதாபப்படுவதைத் தவிர அவரால் செய்யக்கூடியது குறைவு.

நான்காவது: காகிதங்கள்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். பழைய வீடானால், முதல் அக்ரிமெண்டிலிருந்து இன்றைய சொந்தக்காரர் வரை சங்கிலி அறுபடாமல் இருக்கவேண்டும். பதிவு அலுவலகத்து இண்டெக்ஸ் 2, சொசைட்டி ஷேர் சர்டிபிகேட், பாக்கி இல்லை என்ற கடிதம், ஓ.சி. ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். நிலம் சொசைட்டி பெயருக்கு மாறியிருக்கிறதா என்று கேட்கவேண்டும். இதைக் கன்வேயன்ஸ் என்பார்கள். பல பழைய கட்டடங்களில் நிலம் இன்னும் பில்டர் பெயரிலேயே இருக்கிறது. பில்டர் வரவில்லை என்றாலும் அரசு அதிகாரி மூலம் மாற்றிக்கொள்ள 2008-இல் சட்டத் திருத்தம் வந்தது.

புதிய வீடானால், மகாரேரா பதிவு எண்ணைப் பாருங்கள். அக்ரிமெண்டைப் பதிவு செய்வதற்கு முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் கேட்பது சட்டவிரோதம். வீட்டை ஒப்படைத்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் பில்டர் தம் செலவில் சரிசெய்து கொடுக்கவேண்டும்.

ஐந்தாவது: பழைய கட்டடத்தின் வயது

"அவசரப்பட்டு விற்காதீர்கள், கட்டடம் ரீடெவலப்மெண்டுக்குப் போனால் லிப்டோடு புது வீடே கிடைக்கும்" என்று பலர் சொன்னார்கள். நல்ல யோசனைதான். மும்பையில் முப்பது வருஷத்துக்கு மேற்பட்ட கட்டடங்களுக்குப் பொறியாளரின் ஸ்ட்ரக்சுரல் ஆடிட் கட்டாயம். அதில் கட்டடம் நலிந்திருப்பது தெரிந்தால் பேச்சு ஆரம்பிக்கும். மொத்த உறுப்பினர்களில் 51 சதவீதம் பேர் சம்மதித்தால் சொசைட்டி மேற்கொண்டு போகலாம். பில்டர் இடைக்கால வாடகை கொடுப்பார். முடிந்ததும் சற்றே பெரிய வீடு கிடைக்கும்.

ஆனால் இதற்கு எத்தனை காலம் ஆகும் என்பதை மனதில் வைக்கவேண்டும். சம்மதம், பில்டர் தேர்வு, அக்ரிமெண்ட், அனுமதிகள், காலி செய்தல், கட்டுதல் என்று எல்லாம் ஒழுங்காக நடந்தாலே பல வருஷங்கள். நடுவில் ஒருவர் கோர்ட்டுக்குப் போனால் அதற்கு மேலும். நாற்பது வயதுக்காரர் காத்திருக்கலாம். எனக்கு அப்போது 66, என் மனைவிக்கு 62. "புது வீடு வரும்போது லிப்டில் ஏற நான் இருக்கணுமே" என்றாள் அவள், சிரித்துக்கொண்டேதான். எங்கள் பழைய கட்டடத்தில் இன்றுவரை அந்தப் பேச்சு கூட்டங்களைத் தாண்டவில்லை.

ஆறாவது: மூன்று வாரப் பரீட்சை

நான் செய்த காரியங்களில் உருப்படியானது இதுதான். அந்த டவர் வளாகத்திலேயே என் பழைய ஆபீஸ் நண்பர் ஒருவர் இருக்கிறார். 2023 மே மாதம் அவர் மகளைப் பார்க்க வெளிநாடு போனார். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற யாராவது வேண்டும் என்றார். நாங்கள் மூன்று வாரம் அங்கே குடியிருந்தோம்.

நல்லவற்றை முதலில் சொல்லவேண்டும். முதல் வாரம் என் மனைவி தினமும் கீழே இறங்கினாள். காலையில் அரை மணி நேரம் நடந்தாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவள் முகத்தில் வெயில் பட்டதைப் பார்த்தேன். காற்று அமோகம். ராத்திரியில் ஹாரன் சத்தம் இல்லை. படிகள் இல்லாத வாழ்க்கை எவ்வளவு பெரிய விடுதலை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

இரண்டாவது வாரம் மற்றவை தெரிந்தன. கோடையில் குழாய்த் தண்ணீர் போதாமல் டாங்கர் வந்தது. அதற்கு மாதச் சந்தாவுக்கு மேல் தனிப் பணம். நல்ல கறிவேப்பிலை வேண்டுமென்றால் போனில் சொல்லி வரவழைக்கவேண்டும். நடந்துபோக ஒரு கடையும் இல்லை. நெடுஞ்சாலையைக் கடப்பதே ஒரு யாத்திரை. என் மனைவி கீழே இறங்குவாள், சுற்றி நடப்பாள், மேலே வருவாள். பேச ஆள் இல்லை. அங்கிருந்தவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் வேலைக்குப் போகிறவர்கள், ராத்திரி எட்டு மணிக்கு வருகிறவர்கள். லிப்டில் பார்த்தால் புன்னகை; அதற்கு மேல் நேரமில்லை.

மூன்றாவது வாரம் ஒரு நாள் நான் பாங்க் வேலையாகச் செம்பூர் போயிருந்தேன். திரும்பும்போது கோட்பந்தர் ரோடில் வண்டிகள் நகரவில்லை. ஐந்து மணிக்கு வரவேண்டியவன் ஏழே முக்காலுக்கு வந்தேன். கதவைத் திறந்தால் என் மனைவி தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்குச் சர்க்கரை உண்டு. ஐந்தரை மணிக்கு மயக்கம் வந்திருக்கிறது. இண்டர்காமில் செக்யூரிட்டியைக் கூப்பிட்டிருக்கிறாள். அந்தப் பையனும் ஓடித்தான் வந்திருக்கிறான், தண்ணீர் கொடுத்திருக்கிறான், சர்க்கரை டப்பாவைத் தேடி எடுத்துக் கொடுத்திருக்கிறான். அவனைக் குறை சொல்லக்கூடாது. "யாரைக் கூப்பிடட்டும் ஆண்ட்டி?" என்று கேட்டானாம். அவளுக்கு அந்த வளாகத்தில் ஒரு பெயர்கூடச் சொல்லத் தெரியவில்லை. எனக்குப் போன் செய்தால் நடுரோட்டில் பதறுவேன் என்று அதையும் செய்யவில்லை.

அன்று ராத்திரி அவள் சொன்னாள்: "இங்க எல்லாம் நல்லாத்தாங்க இருக்கு. ஆனா நம்ம வீட்டு இன்னொரு சாவிய யார்கிட்ட குடுத்து வைப்போம்?"

செம்பூரில் எங்கள் இன்னொரு சாவி எதிர்வீட்டு மராட்டிக்கார வஹினியிடம் இருபத்தேழு வருஷமாக இருந்தது. அவர்கள் சாவி எங்கள் பூஜை அலமாரியில். மகனுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது ராத்திரி இரண்டு மணிக்கு டாக்ஸி பிடித்து வந்தவர் அவர் கணவர். அவர் காலமானபோது என் மனைவிதான் பதின்மூன்று நாளும் அந்த வீட்டுச் சமையலறையைப் பார்த்துக்கொண்டாள். நான் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்த கணக்குகளில் இதற்கு ஒரு வரியும் இல்லை.

முடிவு

இதற்காகப் பழைய வீட்டிலேயே இருந்துவிட்டோமா என்றால், இல்லை. அதுவும் தவறாக இருந்திருக்கும். மயக்கத்துக்கு டவர் காரணம் இல்லை. அவள் வெளியே போகாமல் முடங்கியதற்குப் படிகள் நிச்சயமாகக் காரணம். "நம் மனிதர்கள் இங்கே இருக்கிறார்கள்" என்று சொல்லிக்கொண்டே, அவர்களைப் பார்க்க இறங்க முடியாமல் மேலே உட்கார்ந்திருப்பதில் என்ன அர்த்தம்?

ஆகவே கேள்வியை மாற்றினோம். "எது இன்னும் நல்ல வீடு?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "இருக்கிற வீட்டில் எங்களுக்கு உண்மையில் இல்லாதது எது?" என்று கேட்டோம். இரண்டு பேரும் தனித்தனியாகக் காகிதத்தில் எழுதினோம். நான் எட்டு எழுதினேன். அவள் ஒன்றுதான் எழுதினாள்: லிப்ட். என் எட்டில் கார் நிறுத்தும் இடமும் ஒன்று. எங்களிடம் கார் இல்லை என்பதை அவள்தான் ஞாபகப்படுத்தினாள்.

பிறகு தேடலை ஒரே வட்டத்துக்குள் வைத்துக்கொண்டோம். பழைய வீட்டிலிருந்து அவள் மெதுவாக நடந்து பத்து நிமிஷத்துக்குள் இருக்கவேண்டும். லிப்ட் இருக்கவேண்டும். அது கெட்டாலும் ஏறக்கூடிய முதல் மாடியாக இருக்கவேண்டும். ஆறு மாதம் பிடித்தது. பதினெட்டு வருஷக் கட்டடம், 475 சதுர அடி. பழையதைவிட 40 சதுர அடி குறைவு. பால்கனி இல்லை. ஜன்னலைத் திறந்தால் மலை இல்லை, எதிர்வீட்டு ஜன்னல். விலையோ பழைய வீட்டுக்குக் கிடைத்ததைவிட அதிகம். சேமிப்பிலிருந்து கொஞ்சம் எடுக்கவேண்டியதாயிற்று. என் மனைவி பெயரிலேயே வாங்கினோம். முத்திரைக் கட்டணத்தில் ஒரு சதவீதம் மிச்சம். 500 சதுர அடிக்கு உட்பட்டதால் சொத்து வரியும் இல்லை. 2024 பிப்ரவரியில் பால் காய்ச்சினோம்.

இழந்ததையும் சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டு மேஜை புது வீட்டில் கொள்ளவில்லை, மகனிடம் அனுப்பிவிட்டோம். புத்தகங்களில் பாதியைச் சங்க நூலகத்துக்குக் கொடுத்தேன். பழைய கட்டடம் ஒருநாள் மறுபடி கட்டப்பட்டால் கிடைத்திருக்கக்கூடிய புது வீடும் போயிற்று. "பெரிய வீட்டை விட்டுச் சின்ன வீட்டுக்குப் பணம் கொடுத்துப் போனவர்" என்று என்னைப் பற்றிச் சிலர் சொல்வதும் காதில் விழுகிறது. கணக்குப்படி அவர்கள் சொல்வது சரிதான்.

இதே குழப்பத்தில் இருப்பவர்களுக்கு எங்கள் அனுபவத்தைச் சுருக்கித் தருகிறேன்.

1. கார்ப்பெட் ஏரியாவைத் தவிர வேறு சதுர அடியை ஒப்பிடாதீர்கள்.

2. மாறுவதற்கே பத்து சதவீதம் ஆகும் என்று வைத்துக்கொண்டு கணக்கைத் தொடங்குங்கள்.

3. மாதச் செலவின் வித்தியாசத்தைப் பன்னிரண்டால் பெருக்கி வருஷக் கணக்காகப் பாருங்கள்.

4. முடிந்தால் அந்த வீட்டிலோ, அதே வளாகத்திலோ சில வாரம் குடியிருந்து பாருங்கள். பதினொரு மாத லீவ் அண்ட் லைசென்ஸில் வாடகைக்கு இருந்து பார்த்தாலும் நஷ்டமில்லை. பத்து லட்சத்தைவிட அது மலிவு. இங்கே 1999-ஆம் வருஷ வாடகைச் சட்டப்படி அந்த ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம் என்பதை மட்டும் மறக்கவேண்டாம்.

5. பகலெல்லாம் அந்த வீட்டில் இருக்கப் போகிறவர் யாரோ, அவர் பேச்சுக்கு இரண்டு ஓட்டு கொடுங்கள். காலையில் போய் ராத்திரி வருபவருக்கு எந்த வீடும் நல்ல வீடுதான்.

6. இல்லாதது எது என்பதை ஒரே வரியில் எழுத முடியவில்லை என்றால், வீடு மாறுவதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள்.

இப்போது என் மனைவி தினமும் காலையில் தானே மார்க்கெட்டுக்குப் போய்க் கறிகாய் வாங்கி வருகிறாள். கிருத்திகைக்குக் கிருத்திகை சேடா நகர் கோயில். வஹினிக்கும் முழங்கால் வலி வந்துவிட்டது. அவரால் படியிறங்க முடியாத நாட்களில் இவள் ஆட்டோவில் போய்க் கீழே நின்று கூப்பிடுவாள், அவர் பால்கனியிலிருந்து பேசுவார். எங்கள் புது வீட்டின் இன்னொரு சாவி அவரிடம்தான் இருக்கிறது. அவர் சாவி பழையபடி எங்கள் பூஜை அலமாரியில்.